பழகிய சொல்லும் புதிய பொருளும்: மெய்யியற் சொற்களைக் கற்றலில் தமிழ் - தெலுங்கு இருமொழிச் சூழல்

1. முன்னுரை

மெய்யியல் நூல்களைப் பயிலத் தொடங்குவோரும் அவற்றை மொழிபெயர்க்க முற்படுவோரும் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு சொற்களைப் பற்றியதாகும். வழக்கில் இல்லாத அருஞ்சொற்களே அவ்விடர்ப்பாட்டிற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதனால் அருஞ்சொற்களைத் தொகுத்து ஒவ்வொன்றற்கும் எதிரே ஒரு பொருள் எழுதித் தரும் பட்டியல்களே கற்றற் கருவிகளாக விளங்குகின்றன. இக்கருத்து மறுஆய்வுக்குரியது. அறியாத சொல்லைக் காணும் மாணவர் அகராதியை நாடுவார். அறிந்த சொல்லைக் காணும் மாணவரோ ஐயமின்றி மேலே செல்வார். அச்சொல் நூலில் வேறொரு பொருளைச் சுட்டி நிற்பின், அவர் பிழைபடக் கற்கிறார் என்பதை அவரே உணர இயலாது. ஆகவே மெய்யியற் சொற்கல்வியில் பெரிதும் இடர் தருவன பழகிய சொற்களே ஆகும் என்பதும், ஒரே வடசொல்லை இருவேறு பொருளில் வழங்கும் இருமொழிச் சூழல் அவ்விடரை வெளிப்படுத்தும் கருவியாக அமையும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

2. பங்காருபாளையமும் அதன் மொழிச் சூழலும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பங்காருபாளையம் அமைந்துள்ளது. ஊர்ப்பெயரே இருமொழித் தன்மையைக் காட்டுகிறது. ‘பங்காரு’ என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும். ‘பாளையம்’ எனத் தமிழில் வழங்கும் ஈற்றுச்சொல் தெலுங்கில் ‘பாலெம்’ என நிற்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வடஆர்க்காட்டுப் பகுதிகள் அதனுள் அடங்கின. 1960இல் எல்லைத் திருத்தத்தின்வழித் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. ஆட்சி எல்லை மாறினும் மொழிகளின் எல்லை அத்துணைத் தெளிவாக வகுக்கப்படவில்லை. தெலுங்கைப் பொதுமொழியாகவும் கல்விமொழியாகவும் கொண்டு, வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இவ்வெல்லைப் பகுதியில் உள்ளன.

மெய்யியற் சொற்களைப் பொறுத்தவரை இப்பகுதி வறிய நிலம் அன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறும் வேங்கடம் இங்கேதான் உள்ளது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அக்கோயிலைச் சார்ந்தே தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் அத்தியாத்மக் கீர்த்தனைகளை இயற்றினார். திருப்பதியில் வடமொழிக் கல்விக்கென நிறுவப்பெற்ற வித்யாபீடம் 2020 முதல் தேசிய வடமொழிப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆக, ஒரே சொற்றொகுதி கோயிலில் ஒருவகையாகவும், பாடசாலையில் வேறொருவகையாகவும், சந்தையில் பிறிதொருவகையாகவும் வழங்கும் நிலப்பகுதி இது.

‘தத்துவம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய தமிழில் அது மெய்யியல் என்னும் துறையைக் குறிக்கிறது. சைவ சித்தாந்தத்தில் அது மாயையிலிருந்து தோன்றும் 36 கருவிகளுள் ஒன்றைக் குறிக்கும். பிள்ளை லோகாசாரியரின் ‘தத்துவத்திரயம்’ சித்து, அசித்து, ஈசுவரன் என்னும் மூன்றைத் தத்துவம் என்கிறது. தெலுங்கு நாட்டுப்புறத்திலோ ‘தத்துவம்’ என்பது ஒரு பாடல்வகையின் பெயர். போதுலூரி வீரபிரம்மத்தின் பெயரால் வழங்கும் தத்துவங்கள் ஊர்தோறும் பாடப்பெறுவன. எனவே ‘தத்துவம் தெரியுமா?’ என்னும் வினா இப்பகுதியில் கேட்பவருக்கு ஏற்ப நான்கு பொருள் தரவல்லது.

3. பழகிய சொற்கள் தரும் இடர்

3.1 கேவலம்

இன்றைய தமிழ்ப் பேச்சில் ‘கேவலம்’ என்பது இழிவைக் குறிக்கும் சொல். சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளைக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்றாக வகுக்கிறது. உடல் முதலிய கருவிகளைப் பெறாமல், ஆணவ மலத்தோடு மட்டும் கூடி, அறிவும் இச்சையும் செயலும் விளங்காது உயிர் கிடக்கும் நிலையே கேவலம். இதனைப் படிக்கும் தமிழ் மாணவர் இழிந்த நிலை என்று பொருள் கொண்டு நிறைவடைவார். பொருள் ஓரளவு பொருந்துவதுபோலத் தோன்றுவதால் ஐயம் எழுவதில்லை. பின்னர்ச் சமண நூல்களில் ‘கேவல ஞானம்’ என்பதைக் காணும்போதுதான் இடர் வெளிப்படுகிறது. அங்கு அது புலன்களின் துணை வேண்டாத முற்றறிவு. உயிர் அடையத்தக்க மிக உயர்ந்த அறிவு. ஒரு சமயத்தில் உயிரின் இருள்நிலையைக் குறிக்கும் சொல் மற்றொன்றில் அதன் பேரொளியைக் குறிக்கிறது.

இம்முரணைத் தீர்ப்பது தெலுங்கின் அன்றாட வழக்கு. தெலுங்கில் ‘கேவலம்’ என்றால் ‘மட்டும்’ என்பது பொருள். இழிவுப்பொருள் முனைந்து நிற்கும் தமிழ்ப் பேச்சுவழக்கைக் காட்டிலும் ‘தனித்தது’ என்னும் மூலப்பொருளுக்கு இது அணுக்கமானது. கருவிகள் இன்றி மலத்தோடு மட்டும் இருத்தல் சித்தாந்தக் கேவலம். பிறிதொன்றன் துணையின்றி அறிவு மட்டும் நிற்றல் சமணக் கேவலம். எதனினின்று தனித்தது என்னும் வினாவுக்குரிய விடையே சமயந்தோறும் வேறுபடுகிறது. பங்காருபாளையத்துச் சந்தையில் நாள்தோறும் செவியில் விழும் ஒரு தெலுங்குச் சொல், சித்தாந்த நூலின் ஒரு கலைச்சொல்லைத் திறக்கும் திறவுகோலாகிறது.

இதன் இணைச்சொல்லாகிய ‘சகலம்’ இரு மொழியினரையும் ஒருங்கே ஏமாற்றுவது. இரண்டிலும் ‘எல்லாம்’ என்பதே வழக்குப்பொருள். சித்தாந்தத்திலோ அது கலை முதலிய கருவிகளோடு கூடி உயிர் வினை செய்து பயன் நுகரும் நிலை. இங்கு எந்த மொழியும் மற்றொன்றைத் திருத்தவில்லை. கேவலத்தோடு எதிர்நிறுத்திக் காணும்போதே இச்சொல் விளங்கும்.

3.2 ஆணவம்

தமிழில் ‘ஆணவம்’ என்பது செருக்கு. சித்தாந்தத்தில் அது உயிரை அநாதியே பற்றி நின்று அதன் அறிவை மறைக்கும் மூலமலம். செம்பில் களிம்புபோல உடனாய் நிற்பது என உவமிக்கப்படுவது. செருக்கு அம்மலத்தின் விளைவுகளுள் ஒன்றாகலாம், அம்மலம் ஆகாது. செருக்கு தோன்ற வேண்டுமாயின் உயிர் ஏற்கெனவே கருவிகளோடு கூடித் தன்னை அறிந்திருத்தல் வேண்டும். கேவல நிலையில் அவ்வறிவே இல்லை. ஆணவமோ முழுமையாக உண்டு. ஆகவே பிறமொழிகளில் இதனைச் செருக்கு என்றோ தன்முனைப்பு என்றோ பெயர்ப்பின், சித்தாந்தத்தின் மும்மலக் கொள்கை ஓர் அறவுரையாகச் சுருங்கிவிடும். இது சொல்லளவில் நிற்கும் பிழை அன்று. கொள்கையையே மாற்றிவிடும் பிழை.

செருக்கைக் குறிக்கத் தெலுங்குப் பேச்சில் ‘அஹங்காரம்’, ‘கர்வம்’ என்பன வழங்குகின்றன. ‘ஆணவம்’ வழக்குச்சொல் அன்று. எனவே தெலுங்குவழிக் கல்வி பெற்ற மாணவர் இச்சொல்லை அறியாச்சொல்லாகவே எதிர்கொண்டு, ஆசிரியர் தரும் விளக்கத்தை முழுமையாகக் கேட்பார். தமிழறிவே தமிழ் மெய்யியற் சொல்லைக் கற்கத் தடையாகும் இடம் இது. இருமொழி வகுப்பில் தெலுங்கு மாணவர் கேட்கும் ‘ஆணவம் என்றால் என்ன?’ என்னும் வினா, தமிழ் மாணவர் கேட்க மறந்த வினாவாகும்.

3.3 அனுமானம்

மறுதலையாக, தெலுங்கு மாணவர் இடர்ப்படும் சொல் ‘அனுமானம்’. தெலுங்குப் பேச்சில் இதன் பொருள் ஐயம் என்பதே. நியாய நூல்களில் அனுமானம் உறுதியான அறிவைத் தரும் அளவைகளுள் ஒன்று. புகை கண்டு மலையில் நெருப்பு உண்டெனத் தெளிதல் அனுமானம். இதனை வழக்குப்பொருளில் கொள்ளும் தெலுங்கு மாணவர், மலையில் நெருப்பு இருக்குமோ என ஐயுறுவதாக உணர்வார். தெளிவைத் தரும் வாயிலின் பெயர் ஐயத்தின் பெயராக மாறிவிட்டது.

தமிழில் ‘அனுமானித்தல்’ என்பது உய்த்துணர்தலை, அல்லது குத்துமதிப்பாகக் கூறுதலைக் குறிக்கும். இது நூற்பொருளுக்குச் சற்று அணுகியது. எனினும் உறுதிப்பாடு இதிலும் குறைந்தே உள்ளது. இரு வழக்குகளையும் ஒப்பிடும் மாணவருக்கு ஓர் உண்மை புலப்படும். சாதிக்க வேண்டிய பொருள் உண்டோ இல்லையோ என ஐயுறப்படும் இடமே நியாய மரபில் ‘பக்கம்’ எனப்படுவது. ஐயம் அனுமானத்தின் தொடக்கம்; தெளிவு அதன் முடிவு. தெலுங்கு வழக்கு தொடக்கத்தில் நின்றுவிட்டது. தமிழ் வழக்கு முடிவை எட்டாமல் நடுவில் நிற்கிறது. இவ்வாறு காணும் மாணவர் ஒரு சொற்பொருளோடு ஓர் அறிவுமுறையின் அமைப்பையும் கற்கிறார்.

3.4 உபாதி

ஊரக வேலை உறுதிக்கென 2005இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழிவந்த திட்டம் தெலுங்கில் ‘உபாதி ஹாமீ’ என்னும் பெயரால் பரவலாக அறியப்பட்டது. ‘உபாதி’ அங்கே வேலைவாய்ப்பு. தமிழில் ‘உபாதை’ என்பது துன்பத்தையும், ‘இயற்கை உபாதை’ என்னும் தொடரில் உடற்கடனையும் குறிக்கும். வேதாந்தத்தில் உபாதி என்பது, தன்னை அடுத்த பொருளின்மீது தன் இயல்பை ஏற்றிக் காட்டுவது. குடத்தினுள் உள்ள வெளி சிறிதாகத் தோன்றுதற்குக் குடம் உபாதி; பளிங்கு சிவப்பாகத் தோன்றுதற்கு அருகிலுள்ள செம்மலர் உபாதி. நியாயத்திலோ ஓர் அனுமானத்தைப் பழுதாக்கும் மறைநிபந்தனை உபாதி. நெருப்புள்ள இடமெல்லாம் புகையுள்ளது என்பார்க்கு ‘ஈர விறகு’ உபாதியாகக் காட்டப்பெறும்.

இங்குத் தமிழ் வழக்கும் தெலுங்கு வழக்கும் ஒருசேரத் துணை செய்யவில்லை. குடமும் பளிங்கும் ஈர விறகுமே சொல்லை விளக்குகின்றன. மரபு நூல்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டை நிலையாக வைத்திருப்பது அணிநயம் கருதி அன்று. எடுத்துக்காட்டே அச்சொல்லின் இலக்கணமாக அமைகிறது. எடுத்துக்காட்டை நீக்கிச் சொல்லையும் நேர்ச்சொல்லையும் மட்டும் தரும் பட்டியல், விளக்கத்தின் முதன்மையான உறுப்பை விட்டுவிடுகிறது.

4. இரு சொல்லாக்கக் கொள்கைகள்

மேற்கண்ட சான்றுகள் கலைச்சொல்லாக்கம் பற்றிய இரு கொள்கைகளையும் சீர்தூக்கத் துணை செய்கின்றன. 1961இல் நடுவணரசு அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொற்களுக்கென ஆணையம் ஒன்றை அமைத்தது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான சொற்களை வடமொழி அடிப்படையில் ஆக்கலாம் என்னும் எண்ணம் அம்முயற்சியில் இடம்பெற்றது. வடசொற்கள் எம்மொழியினர்க்கும் அறிமுகமானவை என்பதே அதன் அடிப்படை. அறிமுகம் உண்டு என்பது உண்மை. ஆனால் ‘சமயம்’ தெலுங்கில் காலத்தையும் தமிழில் மதத்தையும், ‘அவசரம்’ தெலுங்கில் தேவையையும் தமிழில் விரைவையும் குறிக்கும் நிலையில், அவ்வறிமுகம் உடன்பாட்டைக் காட்டவில்லை. வடிவம் ஒத்திருப்பதால் வேறுபாடு மறைந்திருக்கிறது.

தனித்தமிழ்ச் சொல்லைப் படைத்தலே தீர்வு என்பது மற்றொரு கொள்கை. அதுவும் முழுத் தீர்வு ஆகாது. மணிமேகலையில் வைசேடிகவாதி கூறும் ஆறு பகுப்புகளுள் திரவியம் ‘பொருள்’ எனவும் சமவாயம் ‘கூட்டம்’ எனவும் அழகிய தமிழில் அமைந்துள்ளன. இன்று ‘கூட்டம்’ மக்கள் திரளையே முதலில் நினைவூட்டும். ‘பொருள்’ என்பதோ சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியில் அருத்தாபத்தி என்னும் அளவையின் பெயராக நிற்கிறது. ஒரு தமிழ்ச் சொல் இரு தமிழ் நூல்களில் இருவேறு கலைப்பொருளில் வந்துள்ளது. இலங்கையில் பெருவழக்காக உள்ள ‘மெய்யியல்’ என்னும் சிறந்த ஆக்கத்திலும் ‘மெய்’ உண்மையையும் உடலையும் குறிக்கும் சொல்லாகும்.

மெய்யியற் கலைச்சொற்கள் எம்மொழியிலும் வழக்குச்சொற்களினின்றே பிறந்தவை. அரிசுடாட்டிலின் நூல்தொகுப்பில் இயற்பியல் நூல்களை அடுத்து வைக்கப்பட்டவை என்னும் பொருளில் அமைந்த கிரேக்கத் தொடரே ‘மெட்டாபிசிக்ஸ்’ என்னும் துறைப்பெயராயிற்று. நூல் வைத்த வரிசையைக் குறித்த தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அத்துறையின் இயல்பை அறிய இயலாது. ஆகவே சொல்லின் பிறப்பிடம் வடமொழியா தமிழா என்பதைவிட, அது கற்பிக்கப்படும் முறையே முதன்மையானது.

5. மணிமேகலையும் சித்தியாரும் காட்டும் நெறி

மெய்யியற் சொற்களைக் கற்கும் மாணவரையே தலைவியாகக் கொண்ட காப்பியம் மணிமேகலை. வஞ்சி நகரில் அவள் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அளவை நூலையும் பன்னிரு நிதானங்களையும் கற்கிறாள். இவ்வரிசை கருதத்தக்கது. பிறர் கொள்கைகளை முதலில் கேட்ட பின்னரே தன் ஆசிரியரின் சொற்களை அவள் பெறுகிறாள். அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுகிறான். அறவணர் இரண்டே அளவைகளை நிறுவுகிறார். ‘கருத்தளவு’ என்னும் சொல்லின் எல்லை, அதற்கு முன் கேட்ட பத்தின் பின்னணியில்தான் அவளுக்குத் தெளிவாகிறது. அறவணர் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றைக் கற்பித்ததோடு அமையாமல் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி ஆகியவற்றையும் விரித்துரைக்கிறார். ஒரு சொல் எதனைக் குறிக்கும் என்பதோடு எதனைக் குறிக்காது என்பதும் கற்பிக்கப்படுகிறது.

பன்னிரு நிதானங்களுக்குச் சாத்தனார் அமைத்த பெயர்கள் மொழிபெயர்ப்பாளர்க்குச் சிறந்த பாடமாகும். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன அவை. ஏழாவது நிதானத்தின் வடமொழிப் பெயர் ‘வேதனா’. அச்சொல் தமிழிலும் தெலுங்கிலும் இன்று துன்பத்தையே குறிக்கும். பௌத்தத்திலோ அது இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது ஆகிய மூவகை உணர்ச்சிக்கும் பொது. ‘நுகர்வு’ என்னும் பெயர் மூன்றையும் தழுவுகிறது. அதே பட்டியலில் ‘பவம்’ மட்டும் வடசொல் வடிவிலேயே நிற்கிறது. தமிழ்ச் சொல் கருத்தைத் தாங்கும் இடத்தில் அதனையும், பிற இடத்தில் வடசொல்லையும் கொண்ட இப்பட்டியல், மேற்கூறிய இரு கொள்கைகளுள் ஒன்றற்கும் முற்றிலும் கட்டுப்பட்டதன்று.

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது. அளவைகள் பத்து எனப்பட்டவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அது அடக்குகிறது. இத்தகைய எதிர்நிறுத்தலின் தேவையை ‘அசத்து’ என்னும் சொல் நன்கு உணர்த்தும். அசத்து என்பதை இல்பொருள் எனக் கொள்ளும் வழக்கு பிற நூல்களில் உண்டு. சித்தாந்தத்தில் உலகம் அசத்து. எனினும் அது இல்பொருள் அன்று. நிலைத்த ஒரு தன்மையில் நில்லாது மாறுவது என்பதே அங்குப் பொருள். சிவஞானபோதத்தின் ஏழாம் நூற்பா உயிரைச் சத்தும் அன்று அசத்தும் அன்று எனப் பிரித்து, இரண்டனையும் அறிவது என்கிறது. சத்து, அசத்து, சதசத்து என்னும் மூன்றையும் ஒருங்கே கற்றாலன்றி ஒன்றும் விளங்காது. 1982 முதல் ‘சத்துணவு’ என்னும் சொல்லோடு வளர்ந்த தமிழ் மாணவர், சத்து என்பதை உணவின் ஊட்டமாகவே முதலில் அறிவார். அசத்து என்பதை ‘இல்லாதது’ எனப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், உலகம் உண்மை என வாதிடும் சித்தாந்தியை உலகம் பொய் என்பாராக மாற்றிவிடுவார்.

6. கலைச்சொல் இல்லாத மெய்யியல்

பழைய சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்த மற்றொரு சான்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1895இல் மதனப்பள்ளியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம் கருத்துகளை ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். மரபுவழிக் கலைச்சொற்களைத் தவிர்த்து, எளிய வழக்குச்சொற்களையே அவர் பயன்படுத்தினார். ஆனால் அவ்வெளிய சொற்களைத் தமிழாக்கும்போது அவை எளியனவாக நிற்பதில்லை. ‘மனம்’ என எழுதினால் அது புத்தி, அகங்காரம், சித்தம் ஆகியவற்றோடு எண்ணப்படும் அந்தக்கரணங்களுள் ஒன்றையும் நினைவூட்டுகிறது. ‘தியானம்’ எனின் யோக நூலின் உறுப்பு ஒன்று முன்வந்து நிற்கிறது. கலைச்சொல்லை வழக்குச்சொல்லாக மயங்குதல் ஒருபுறம் இருக்க, வழக்குச்சொல் கலைச்சொல்லாக மயங்குதலும் உண்டு என்பதற்கு இது சான்று. நீண்ட மெய்யியல் மரபுடைய மொழிக்கு நேரும் தனி இடர் இது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மெய்யியற் சொற்கல்விக்குரிய சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, சொற்பட்டியல்கள் அருஞ்சொற்களோடு பழகிய சொற்களையும் கொள்ளுதல் வேண்டும். வழக்குப்பொருள் எவ்விடத்தில் பிழைக்கு இடந்தரும் என்பதைச் சுட்டுதல் வேண்டும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி பல பொருள்களையும் எண்ணிட்டுத் தருகிறது. எனினும் எப்பொருள் எச்சொல்லோடு எதிர்நிற்கிறது என்பதைக் கூறுதல் அகராதியின் பணி அன்று. அது பாடநூலின் பணி. இரண்டாவது, சொற்களைத் தனித்தனியே கற்பிக்காமல் அவை நிற்கும் தொகுதியோடு கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய மரபு எடுத்துக்காட்டோடும் மறுப்போர் கூற்றோடும் இணைத்தல் வேண்டும். நான்காவது, அண்டை மொழியின் வழக்கை ஒப்பிட்டுக் காட்டுதல் வேண்டும்.

நான்காவது நெறிக்கு ஓர் எல்லை உண்டு. மூலப்பொருள் எப்போதும் கலைப்பொருளைத் தந்துவிடாது. ஆணவம் என்னும் சொல் ‘அணு’ என்பதன் அடியாக விளக்கப்படுகிறது. அதனைக் கொண்டு உயிர் அணுவளவினது என்று முடிவு செய்தால் அது சித்தாந்தத்திற்கு மாறாகும். வியாபகமாகிய உயிரை அணுப்போலச் சுருங்கி நிற்கச் செய்வது என்பதே கொள்கை. ஆகவே அண்டை மொழியின் வழக்கு வினாவை எழுப்பவே பயன்படும். விடையை நூலிலிருந்தே பெறுதல் வேண்டும்.

எல்லைப் பகுதித் தமிழரின் மொழி, தெலுங்கு கலந்ததாகக் குறைகூறப்படுவது உண்டு. மெய்யியற் கல்வி நோக்கில் அக்கலப்பு குறை அன்று. ‘கேவலம்’ என்னும் சொல்லுக்கு ‘மட்டும்’ என்னும் பொருளையும் ‘இழிவு’ என்னும் பொருளையும் ஒருங்கே அறிந்த மாணவர், ஒன்றை மட்டும் அறிந்தவரினும் விரைவில் ஐயுறுவார். பங்காருபாளையம் போன்ற ஊர்களின் பள்ளிகளில் இவ்விருமொழியறிவைப் பயன்கொள்ளும் வகையில், தமிழ் - தெலுங்கு மெய்யியற் சொற்களின் ஒப்பீட்டுக் கையேடு ஒன்று பொருள்வேறுபாடுகளை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்பெறுமாயின், அது கற்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் ஒருங்கே பயன்தரும்.